கேமராவை ஒளித்து வைத்தது யார்?

2007 ஆகஸ்ட். லாஸ் வேகாஸில் டெஃப்கான், அதாவது ஹேக்கர்கள் வருஷா வருஷம் கூடுகிற மாநாடு. என்பிசி தொலைக்காட்சியின் ஒரு பெண் தயாரிப்பாளர் சாதாரணப் பார்வையாளர் போல உள்ளே வந்தார். செய்தியாளர் அட்டை தருகிறோம் என்று சொல்லியும் வாங்கவில்லை. கைப்பையில் ஒளித்த கேமரா. யாராவது தன் குற்றத்தை வாய்விட்டு உளறுவார்கள் என்று காத்திருந்தார் என்பது அமைப்பாளர்கள் சொன்னது.

விஷயம் முன்பே கசிந்துவிட்டது. கூட்டத்தில் மஃப்டியில் இருக்கும் அரசாங்க ஆளைக் கண்டுபிடிப்பது அங்கே வழக்கமான விளையாட்டு. அன்றைக்கு மாநாட்டின் நிறுவனர் ஜெஃப் மாஸ் மேடையேறி, இந்தமுறை நிருபரைக் கண்டுபிடிப்போம் என்றார். அந்தப் பெண் எழுந்து வெளியேற, ஒரு கும்பலே கேமராவோடு வண்டி நிறுத்துமிடம் வரை பின்னால் ஓடியது. அந்தத் துரத்தல் எனக்குப் பிடிக்கவில்லை, அசிங்கம்தான். ஆனால் ஆள் மாறி உள்ளே நுழைந்து, பேச்சுக் கொடுத்துத் தகவல் கறப்பதற்கு அந்த உலகத்திலேயே ஒரு பெயர் உண்டு: சோஷியல் இன்ஜினியரிங். அந்த அரங்கில் அன்று அதைச் செய்தவர் நிருபர்.

நம் செய்திகளில் ‘ஹேக்கர்கள் கைவரிசை’ என்றுதான் தலைப்பு வரும். கைவரிசை என்றால் கைத்திறன். வித்தை தெரிந்தவன் காட்டுவது. அதைத் திருடனுக்கே எழுதி எழுதி, இப்போது நல்லவனுக்குச் சொன்னால் கிண்டல் போல ஒலிக்கிறது. ‘ஹேக்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பொம்மை ரயில் ஓட்டிய மாணவர் சங்கத்தில் அது சாமர்த்தியமான வேலைக்கான பாராட்டு.

எல்லா ஊரிலும் இப்படியே இல்லை. ஜெர்மனியின் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 1981-ல் பிறந்ததே பெர்லினில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில். 1984-ல் அவர்கள் அஞ்சல்துறையின் பிடிஎக்ஸ் என்ற, தொலைபேசி வழியாகத் திரையில் தகவல் காட்டும் சேவையில் ஓட்டை இருப்பதைக் காட்ட, ஹாம்பர்க் சேமிப்பு வங்கி ஒன்றின் கடவுச்சொல்லை வைத்துத் திறந்தால் தங்களுக்குக் கட்டணம் சேரும் பக்கத்தையே இரவு முழுக்கத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். வங்கி அவர்களுக்குத் தரவேண்டிய தொகை சுமார் 1,35,000 மார்க் ஆனது. பிறகு பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள், பணம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ஒளிவதற்குப் பதிலாக முகம் காட்டிப் பேச ஆள் வைத்தார்கள். அதனால்தானோ என்னவோ, பின்னாளில் வாக்கு இயந்திர வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றமே அவர்களிடம் கருத்துக் கேட்டது. 2009-ல் அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பும் வந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நடக்கிற, ‘காங்கிரஸ்’ என்று பெயர் வைத்த கேயாஸ் கிளப்பின் ஆண்டு மாநாட்டில் ஒரு விதி: படத்தில் விழுகிறவர்களிடம் அனுமதி கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. தொலைக்காட்சிக்காரருக்கு இது பெரிய தொல்லை. முதுகையும் நீல விளக்கையும் எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் பார்க்கிறவருக்கோ, முகத்தை மறைக்கிறார்களே, ஏதோ தப்பு இருக்கிறது என்று தோன்றும். உள்ளே தரை கூட்டி, டீ போட்டு, கேபிள் இழுக்கும் தன்னார்வலர்களை ‘தேவதைகள்’ என்று அழைக்கிறார்கள். சிறுவர்களுக்கென்று தனி இடம் உண்டு. சரி, கறுப்புச் சட்டையும் புனைபெயரும் பூட்டுத் திறக்கும் போட்டியுமாக அந்த மர்மத்தை அவர்களும் கொஞ்சம் ரசிக்கத்தான் செய்கிறார்கள். அதையும் சொல்லிவிடவேண்டும்.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற திறமூல மென்பொருளில் யாரோ பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருந்தார்கள். பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தரவுத்தளக்காரர், பாதுகாப்பு நிபுணர்கூட இல்லை. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவது உறுத்த, நோண்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார். பழைய அர்த்தத்தில் அசல் ஹேக்கர் வேலை. நான் பார்த்த செய்தியில் அதற்கும் முக்காடு போட்ட உருவம்தான் படம். அரை நொடியை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டால், எனக்கும் தெரியாதுதான்.