ஸ்கார்பரோ முதியவர்களுக்கு மட்டுமான ஊர் அல்ல

இங்கிலாந்தின் கடலோர ஊரான ஸ்கார்பரோவைப் பற்றி, ‘அது ஓய்வுபெற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஊர், பிள்ளைகளோடு போனால் பணம் வீண்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; மேடு அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கடற்கரைக்கு இறங்கவே முடியாது என்றும் சொல்கிறார். இது தவறு. அங்குள்ள பீஸ்ஹோம் பூங்கா ஏரியில் கோடைதோறும் சிறு மாதிரிப் போர்க்கப்பல்களின் விளையாட்டுச் சண்டை நடக்கிறது; 1927இல் தொடங்கிய காட்சி அது. அவற்றில் பெரிய கப்பல்களுக்குள் ஆட்களே ஒடுங்கி உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். வெடிச்சத்தமும் புகையும் கிளம்பும்போது எந்தப் பிள்ளைக்குச் சலிக்கும்? பக்கத்திலேயே 1931 முதல் ஓடும் குட்டி ரயில் வேறு.

மேடு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் கடற்கரைக்கு இறங்கவே முடியாது என்று பயமுறுத்த வேண்டாம். தெற்குக் குன்றின் சரிவில் 1875இல் அமைத்த இழுவை ரயில் (கம்பிவடம் இழுக்க, செங்குத்தான சரிவில் ஏறி இறங்கும் பெட்டி) இருக்கிறது. பிரிட்டனிலேயே அந்த வகையில் முதலாவது. கோடையில் போங்கள், தாத்தா பாட்டியையும் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள்.