மேஸ்திரி வந்துனே இருக்காராம்

இன்னைக்கும் வரல. காலையில போன் போட்டா, "தோ, வந்துனே இருக்கேன் சார்"ங்கறாரு மேஸ்திரி. பின்னாடி கெட்டிமேளம் கொட்டுது! கல்யாண மண்டபத்துல பந்திக்கு எடம் புடிச்சிக்கினு எங்க வீட்டுக்கு எப்படிய்யா வந்துனே இருப்ப?

ஓட்டு வீட்டுக்காரங்களுக்கு நான் வெளக்கத் தேவையில்ல. கொரங்கு, ஒழுகல், குண்டான். 2021 நவம்பர்ல பாலாறு கரைபுரண்டப்ப எங்க வீட்டுல சோறு வடிக்கக்கூட ஏனம் மிச்சமில்ல, எல்லாம் கூடத்துல மழைத்தண்ணி புடிச்சிக்கினு இருந்துச்சு.

சரி, ஓடு மாத்திடலாம்னுதான் இந்த மேஸ்திரியைக் கூப்பிட்டோம். வந்தாரு. டீ குடிச்சாரு. ஏணியில ஏறி ஒரு ஓட்டை உருவித் திருப்பி, பின்னாடி இருந்த முத்திரையைக் கல்வெட்டு மாதிரி படிச்சாரு. "மங்களூர் ஓடு சார். வேற கம்பெனி ஓடு இதோட பள்ளத்துல உக்காராது, மொத்தமா மாத்தணும்." சரி. விரலால சுண்டிப் பாத்து, "கணீர்னு கேக்குது பாருங்க, நல்ல ஓடு"ன்னாரு. அந்த நல்ல ஓட்டை அங்கேருந்தே கீழ போட்டாரு. ஒடைஞ்சிது. "பாத்தீங்களா, தாங்காது!" எந்த ஓடுய்யா தாங்கும்? அதோட விட்டாரா? ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டையைக் கடப்பாறையால ஒரு குத்து. கரையான் மண்ணு பொலபொலன்னு ஆயாவோட சோத்துத் தட்டுல. ஆயா அண்ணாந்து பாத்து ஒரு வார்த்தை சொன்னாங்க, இங்க எழுத முடியாது. "ஆயா நூறு வருஷம் இருப்பாங்க சார்"னு சிரிக்கறாரு. இருக்கட்டும், எந்தக் கூரைக்கு கீழ?

முகட்டு ஓட்டுலருந்து பாதி வீட்டைப் பிரிச்சி அடுக்கிட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கினு போனவருதான். கேட்டா ஒரு நாள் ஆம்பூர்ல சென்ட்ரிங், ஒரு நாள் ஆற்காட்டுல பூச்சு. வேலூரை 2019ல மூணு மாவட்டமாப் பிரிச்சது அரசாங்கம். இன்னும் மூணையும் பிரிக்காம ஒத்தை ஆளா வச்சிக்கினு இருக்கறது எங்க மேஸ்திரி!

நடுவுல அறிவுரை சொல்றவங்க வேற. "ஷீட்டு போட்டுடுப்பா, ஒரே நாள் வேல." வேலூர் வெயில்ல, அக்னி நட்சத்திரத்துல, தகர ஷீட்டுக்குக் கீழ! நீ வந்து ஒரு மத்தியானம் படுத்துட்டுப் போ மாமா, அப்புறம் பேசலாம்.

இப்போதைக்குப் பிரிச்ச பக்கம் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைக் கட்டி வச்சிருக்கோம், பக்கத்துத் தெரு காதுகுத்து விழாவோடது. படம் உள்பக்கமாத் திரும்பிடுச்சி. பாயில படுத்தா தாய்மாமனுங்க வரிசையா, கூலிங்கிளாஸ் போட்டுக்கினு, கையெடுத்துக் கும்பிட்டு, "அனைவரும் வருக வருக"ன்னு நம்மளையே பாக்கறாங்க.

அனைவருமாம்! எங்க வீட்டுக்கு ஒரு பத்திரிகை வெச்சாங்களான்னு கேளுங்க. பிரியாணி போட்டிருக்கானுங்க, பக்கத்துத் தெருவுல இருக்கற நம்மளுக்கு ஒரு வார்த்தை சொல்லல!