ஓடிபி சொல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்புக்குள் நுழையலாம்

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதவரை நம் வாட்ஸ்அப்பை எவராலும் பார்க்க முடியாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கணக்கை வேறு போனுக்கு மாற்றத்தான் ஓடிபி என்ற அந்த 6 இலக்க எண் வேண்டும். நம் கணக்கோடு கணினி போன்ற இன்னொரு கருவியை இணைக்க அது தேவையே இல்லை. "போட்டோ பார்க்க இதைப் போடுங்கள்" என்று திருடன் அனுப்பும் 8 எழுத்துக் குறியீட்டை நம் போனிலேயே தட்டினால் போதும், நம் உரையாடல்கள் அவன் கணினியில் தெரியும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு நாம் வைக்கும் ரகசிய எண்ணும் (PIN) இதைத் தடுக்காது. நம் போன் வழக்கம்போல ஓடுவதால் சந்தேகமும் வராது. அதுதான் பெரிய ஆபத்து.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளி மெனுவில் 'லிங்க்டு டிவைசஸ்' (இணைத்த கருவிகள்) திறந்து பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு, லாக் அவுட் கொடுங்கள். தயவுசெய்து உங்கள் வரியைத் திருத்திவிடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.