ரீமாஸ்டர் சிடி: சத்தம் வேறு, விவரம் வேறு

புது ரீமாஸ்டர் சிடி (பழைய பாட்டின் ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிட்டது) பழைய சிடியைவிடச் சத்தமாக ஒலிப்பதால், மூல ஒலிப்பதிவு டேப்பிலிருந்து அதிக விவரம் எடுத்திருக்கிறார்கள் என்று காட்பாடி நண்பர் மேலே சொல்லியிருக்கிறார்.

அது அப்படியில்லைங்க. லிமிட்டரில் (ஒலி ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் கருவி) உச்சங்களை அமுக்கிவிட்டால் மொத்தப் பாட்டையும் சத்தமாக்கலாம். அதிகம் அமுக்கினால் டிரம்ஸ், தபேலா அடியின் கூர்மை மழுங்கும். 1 டெசிபல் கூடினாலே காதுக்குத் 'தெளிவு' போலத் தோன்றும். வேலூர் வெயிலுக்கு ஃபேன் முழு வேகத்தில் ஓடும் அறையில் சொல்லவே வேண்டாம்!

சரிபார்க்க, இரண்டு சிடியிலிருந்தும் ஒரே பாட்டை வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக எடுத்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறங்கள் (யூடியூப் பிரதி உதவாது). முதலில் அலைவடிவத்தைப் பாருங்கள்: கத்தரித்த வேலி மாதிரி தலை மட்டமாக இருந்தால் பலமாக அமுக்கியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' வழியாக -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். நல்ல டேப்பிலிருந்து கவனமாகச் செய்த ரீமாஸ்டர் என்றால் அப்போதும் அது முந்தி நிற்கும்.