கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன்: 62 ஆண்டுகள்

சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் கல்யாண நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். யார் எதிர்த்தார்கள், யார் முன்னால் நின்று நடத்தி வைத்தார்கள், அதோடு சரி. அப்புறம் அந்த இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த அப்புறம்தான் முக்கியமாகப் படுகிறது. அதனால்தான் சாதி மறுத்து மணந்து, நிலமற்றவர்களுக்காகப் பாடுபட்ட காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரைப் பற்றி எழுதுகிறேன்.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன் ராமநாதபுரம் சீமையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை விட்டவர், 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனவர். கிருஷ்ணம்மாள் 1926-ல் திண்டுக்கல் பக்கம் அய்யன்கோட்டையில், ஒரு குழி நிலம்கூட இல்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சீக்கிரமே போய்விட, தாய் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் அந்தக் காலத்தில் கல்லூரி வரை போனதே பெரிய காரியம். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்து, 1950 ஜூலையில் மணந்துகொண்டார்கள். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறையும்வரை அந்த வாழ்க்கை நீடித்தது.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'லட்சியத் தம்பதி' என்று சொல்லி இருவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருவரும் கட்டியது கதர்தான், சாப்பிட்டது ஒரே சாப்பாடுதான். ஆனால் ஜெகந்நாதனுக்கு எளிமை என்பது தானாக எடுத்துக்கொண்ட விரதம். அந்த அம்மாவுக்கோ அது பிறந்த வீட்டு நிலைமை. பட்டினி என்பது ஒருவர் செய்கிற சத்தியாகிரகம், இன்னொருவருக்குத் தாயின் முகத்தில் பார்த்த விஷயம். இந்த வித்தியாசத்தை மறைத்தால் அவர்கள் செய்த வேலையே புரியாது.

பூதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் இருப்பவர்களிடம் இல்லாதவர்களுக்காகத் தானம் கேட்டு வினோபா பாவே ஊர் ஊராக நடந்த இயக்கம் அது. 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒரு நிலக்கிழார் 100 ஏக்கர் கொடுக்க முன்வந்ததில் தொடங்கியது. ஜெகந்நாதன் வினோபாவோடு வடக்கே நடந்துகொண்டிருந்த காலத்தில் கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆளுக்கொரு திசை! அவர் திரும்பி வந்ததும் இருவரும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்தார்கள். ஐந்து பிள்ளை இருந்தால் என்னை ஆறாவதாக நினைத்து ஒரு பங்கு கொடுங்கள் என்பது வினோபாவின் வேண்டுகோள். வசதியை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு இப்படிக் கேட்பது இயல்பாக வரும். தன்னால் முடிந்தது அடுத்தவருக்கும் முடியும் என்று நம்புவார். ஆனால் தானமாக வந்ததில் கரடும் கட்டாந்தரையும் வழக்கில் மாட்டியதும் நிறைய.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு இருவரும் கீழத்தஞ்சையைத் தங்கள் களமாக்கிக்கொண்டார்கள். நிலமற்ற கூலிக்காரர்களுக்கு நிலம் கிடைக்கச் செய்ய 1981-ல் அவர்களின் லாப்டி (LAFTI, Land for the Tillers' Freedom) இயக்கம் தொடங்கியது.

இங்கேதான் அந்த அம்மாவின் கை தெரிகிறது என்பது என் எண்ணம். லாப்டியில் தானம் கிடையாது. நிலத்தை விற்கத் தயாராக இருக்கும் மிராசுதாரரையும் கூலிக்காரர்களையும் எதிரெதிரே உட்கார வைப்பது, நியாயமான விலைக்குப் பேசி முடிப்பது, வங்கிக் கடனுக்கு அலைவது, விளைச்சலில் கடனை அடைப்பது. ஆரம்பத்தில் வங்கிகள் கை கொடுக்கவில்லை, முத்திரைத்தாள் கட்டணம் வேறு கழுத்தை நெரித்தது. கிருஷ்ணம்மாள் விடவில்லை. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதுவும் பெண் பெயரில். தஞ்சைக் கணக்கில் ஏறத்தாழ மூன்று மா. வேலிக்கணக்கில் வைத்திருந்தவர்களுக்கு அது வரப்போரத் துண்டு. ஆனால் நேற்றுவரை அதே வயலில் குனிந்து நாற்று நட்டவள், இன்று பதிவு அலுவலகத்தில் நிலத்துக்குரியவளாக விரல் உருட்டுகிறாள். யாருடைய தயவும் அதில் இல்லை. 2007 வாக்கில் இப்படி 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பங்களுக்குக் கைமாறியிருந்தது. நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவருக்குத்தான் பத்திரத்தின் அருமை அந்த அளவுக்குத் தெரியும்.

ஜெகந்நாதன் அவர் வழியிலேயே நின்றார். 1990-களில் டெல்டா கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துப் பண்ணைக்குள் தேக்குவார்கள். பக்கத்து வயல் உவர் பூத்துப்போகும், குடிக்கிற கிணறு கரிக்கும். எண்பது வயதை ஒட்டிய மனிதர் மறுபடியும் போராட்டத்தில் இறங்கினார், உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் அந்த வழக்கை அவர் பெயரால்தான் அறிவார்கள்.

2008-ல் ஸ்வீடனின் வாழ்வுரிமை விருது இருவருக்கும் சேர்த்தே வந்தது. அவர் போன பிறகும் கிருஷ்ணம்மாள் ஓயவில்லை. 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 93. இன்னமும் சிலர் அவரை ஜெகந்நாதனின் துணைவியார் என்றே அறிமுகப்படுத்தும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஜெகந்நாதனை கிருஷ்ணம்மாளின் கணவர் என்று சொன்னாலும் அதே அளவு உண்மைதானே?

நாகை, திருவாரூர் பக்கம் லாப்டி மூலம் நிலம் வாங்கிய குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு ஏக்கர் இப்போது யார் கையில் இருக்கிறது, என்ன விளைகிறது என்று எழுதுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.