பசிக்கிறது என்றவனுக்குப் பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள்

இன்றைக்கு மூன்றாவது முறையாகக் கரண்ட் போய்விட்டது. நைஜீரியாவின் லேகோஸில் இதையெல்லாம் யாரும் எண்ணுவதில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், அந்தப் புத்தி போகாது, எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினாறு வருடமாக எண்ணுகிறேன்.

மின்சாரத் துறையை இங்கே இன்னும் ‘நேப்பா’ என்றுதான் சொல்கிறார்கள். 2005-லேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், 2013-ல் விநியோகத்தைத் தனியாரிடமும் கொடுத்துவிட்டார்கள். பெயரும் போகவில்லை, இருட்டும் போகவில்லை. NEPA என்ற அந்த நான்கு ஆங்கில எழுத்துக்கு ஜனங்கள் வைத்திருக்கும் விரிவு ‘எப்போதும் மின்சாரத்தை எதிர்பார்க்காதே’. கரண்ட் திரும்பி வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் “அப் நேப்பா!” என்று கத்துவார்கள். வந்த புதிதில் எனக்கு அது அழகாக இருந்தது. இப்போது கேட்டால் வயிறு எரிகிறது. தனக்குச் சேர வேண்டியது கொஞ்ச நேரம் கிடைத்ததற்கு ஒரு பிள்ளை கைதட்டப் பழகுகிறதே, அது என்ன வளர்ப்பு?

20 கோடிக்கு மேல் ஜனம். தேசிய மின் தொகுப்பில் ஓடுவது நல்ல நாளிலேயே 5,000 மெகாவாட்டைச் சுற்றித்தான். 2024-ல் மட்டும் பத்துத் தடவைக்கு மேல் மொத்தத் தொகுப்பும் படுத்தது. அதே வருடம் ஏப்ரலில்தான், நாளுக்கு 20 மணி நேரம் கரண்ட் தருவோம் என்று சொல்லி, எங்களைப் போன்ற ‘ஏ’ பிரிவுக்காரர்களுக்கு யூனிட் 68 நைராவிலிருந்து 225 நைரா ஆக்கினார்கள். விலை உடனே வந்தது. கரண்ட் வருகிற வழியில் இருக்கிறது போலும்.

சரி, ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். இங்கே சின்னதாக, கயிறு இழுத்துக் கிளப்புகிற பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று உண்டு. அதற்கு ஊர் வைத்த பெயர் ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’. பக்கத்து வீட்டானைவிட நான் ஒரு படி மேல் என்று அர்த்தம். இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி, அதற்கு மேல் இழுக்காது. ஏழை வீட்டின் ஒரே பெருமை அது. எங்கள் காவல்காரர் வீட்டில் இப்போது அது படிக்கட்டுக்கு அடியில் துணி போட்டு மூடிக் கிடக்கிறது. பெட்ரோல் போடக் காசில்லை.

2023 மே 29. புது ஜனாதிபதி போலா டினுபு பதவியேற்ற மேடையிலேயே எரிபொருள் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். அன்றைக்கே பங்க்குகளில் வரிசை. லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்தது, சில நாளில் 500-ஐத் தொட்டது, அடுத்த வருடம் அக்டோபரில் 1,000-க்கு வந்து நின்றது. மானியத்தை எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்த எவனும் சொல்ல மாட்டான். பெட்ரோல் எல்லை தாண்டி பெனினுக்குக் கடத்தப்பட்டுக்கொண்டிருந்ததை ஊரே பேசியது. ஆனால் ஒரு பேருந்து விடவில்லை, ஒரு மாதம் அவகாசம் தரவில்லை, சம்பளத்தைத் தொடவில்லை. முதலில் கையை வெட்டிவிட்டு அப்புறம் கட்டுத்துணிக்கு டெண்டர் விட்டார்கள்.

ஆப்பிரிக்காவிலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கிற நாடு இது. அரசாங்கத்துக்கு போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியில் ஒன்று, கடுனாவில் ஒன்று என்று நான்கு சுத்திகரிப்பு ஆலைகள். நாளுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கக் கட்டியவை. வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்க, பழுதுபார்க்க என்று பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, பெட்ரோல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் ஊரில் சொல்வதை இங்கேதான் லிட்டர் கணக்கில் பார்த்தேன். 2024 செப்டம்பரில் டாங்கோட்டேயின் தனியார் ஆலை பெட்ரோல் தர ஆரம்பித்த பிறகும் விலை இறங்கவில்லை, அடுத்த மாதம்தான் அந்த 1,000.

எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு அம்மா சோறு விற்கிறார். தெருவோரம் சோறு விற்கிறவர்களை ‘மாமா புட்’ என்பார்கள், இங்கே மாமா என்றால் அம்மா, இன்னும் கொஞ்சம் போடம்மா என்று கேட்பதால் வந்த பெயர். பெயரே கேலியாகிவிட்டது. போன வாரம் அவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். இறைச்சித் துண்டு ஒன்று என் கட்டைவிரல் நகம் அளவு. அதையும் பாதிப் பேர் கேட்பதில்லை, மாட்டுத்தோலை வேகவைத்த ‘பொன்மோ’ இருந்தால் போதும் என்கிறார்கள். எங்கள் லோடு ஏற்றுகிற பையன் ஒருவன் வெறும் குழம்பு மட்டும் ஊற்றச் சொல்லி, பையிலிருந்து சொந்தமாகக் கொண்டுவந்த ‘காரி’யை, வறுத்த மரவள்ளி மாவு அது, எடுத்துக் கலந்துகொண்டான். நான் பார்ப்பதைக் கண்டு தட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். அந்த அம்மா என்னிடம், “நோ வெக்ஸ், ஓகா” என்றார். கோபப்படாதே முதலாளி என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார்! 2024 ஆரம்பத்தில் வடக்கே ‘அஃபாஃபாத்தா’ என்று ஒன்றைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அரிசி ஆலையில் கழித்துப் போடுகிற நொய், மீன் பண்ணைக்குப் போகிற சரக்கு.

குறைந்தபட்சச் சம்பளம் 2019-ல் மாதம் 30,000 நைரா, டாலரில் 80-க்கு மேல். 2024 ஜூலையில் பெரிய மனசு பண்ணி 70,000 ஆக்கினார்கள். அன்றைய டாலர் விலையில் சுமார் 45. ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று அன்றைக்கு அதற்குள் வரவில்லை. உயர்த்தினார்களா, பாதியாக்கினார்களா? இன்னொரு வேடிக்கை: 2024 டிசம்பரில் பணவீக்கம் 34.8 சதவீதம், 2025 ஜனவரியில் 24.48. ஒரே மாதத்தில் பத்து சதவீதம் காலி. விலைகளை எந்த ஆண்டோடு ஒப்பிடுவது என்கிற அடிப்படை ஆண்டை மாற்றிவிட்டார்கள். முறைப்படி சரிதான், நானும் செய்வேன். அந்த அம்மாவின் பாத்திரத்துக்குத்தான் அடிப்படை ஆண்டு எது என்று தெரியவில்லை.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். என் சம்பளம் டாலரில். 2023 ஜூனில் நைராவை அவிழ்த்துவிட்டபோது டாலர் 460-ஐச் சுற்றி இருந்தது, மறு வருடம் 1,500. எனக்கு ஒரு பைசா குறையவில்லை, இந்த ஊரில் என் காசு மூன்று மடங்கு பேசுகிறது. எனக்குக் கீழே வேலை செய்கிறவர் பட்டதாரி, என்னைவிடச் சுத்தமாகக் கணக்கு வைப்பவர், அவருக்கு நைராவில். வார இறுதியில் நம் ஆட்கள் கூடினால் “இந்த ஊர் திருந்தாதுப்பா” என்று ஒருவர் ஆரம்பிப்பார். திருந்தாத ஊரில் எதற்கய்யா இருக்கிறாய் என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை. நானும் அதே மேஜையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இந்த ஜனத்துக்கு அந்தத் திராணி உண்டு. கேலியை எப்படிப் பொறுப்பது? 2023 ஜூலையில் செனட்டில் மின்கட்டண உயர்வு பற்றிய தீர்மானம் வந்தது. தலைவர் காட்ஸ்வில் அக்பாபியோ ‘ஏழைகள் மூச்சுவிடட்டும்’ என்பதையே வாக்கெடுப்பாக வைக்க, அவை சிரித்தது. அடுத்த மாதமே அவர், விடுமுறையை அனுபவிக்க உங்கள் கணக்கில் ஒரு தொகை போட்டாயிற்று என்று உறுப்பினர்களிடம் நேரலையில் சொல்லிவிட்டார். கேமரா ஓடுவது ஞாபகம் வந்ததும், உங்கள் மின்னஞ்சலுக்குப் பிரார்த்தனைகளை அனுப்பியிருக்கிறேன் என்று மாற்றினார். 2024 மே 29, பதவியேற்று ஒரு வருடம். பரிசாக என்ன கொடுத்தார்கள் தெரியுமா? தேசிய கீதத்தை மாற்றினார்கள். சொந்த மக்கள் எழுதியதை எடுத்துவிட்டு, 1978-ல் கைவிட்ட பழைய பாட்டு, ஒரு ஆங்கிலேயப் பெண்மணி எழுதியது, அதைத் தூசிதட்டிக் கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று மாதத்துக்குள் ஜனாதிபதிக்கு வேறு விமானம்.

அந்த ஆகஸ்டில் பசி தாங்காமல் தெருவில் இறங்கினார்கள். பிடித்துப்போன 76 பேரை நவம்பர் முதல் தேதி அபுஜா நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதில் சிறுவர்கள் இருந்தார்கள். மரண தண்டனை வரை போகக்கூடிய தேசத்துரோக வழக்கு. நான்கு பையன்கள் அங்கேயே மயங்கி விழுந்தார்கள். ஊர் காறித் துப்பிய பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அடுத்த மாதம், டிசம்பரில், இபாடான் நகரில் பிள்ளைகளுக்கான பண்டிகை நிகழ்ச்சி ஒன்றில் நெரிசல், 35 குழந்தைகள் செத்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

டினுபுவுக்கு முன்னால் எட்டு வருடம் ஆண்ட புஹாரி 2025 ஜூலையில் இறந்தது லண்டன் மருத்துவமனையில். நாட்டின் தலைவரே நம்பாத மருத்துவத்தை நாட்டு மருத்துவர்கள் மட்டும் உட்கார்ந்து காப்பாற்ற வேண்டுமா? ஓடிவிடுவதற்கு யொரூபாவில் ‘ஜாப்பா’ என்று ஒரு சொல், இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் அதுதான் பேச்சு.

போவதும் சுலபமா? போன வருடம் அந்தக் கணக்காளரும் நானும் வேலை விஷயமாக ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே ஹோட்டல், ஒரே கடிதம். என் நீலப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழ ஒரு நிமிடம். அவருடைய பச்சைப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம். கோட்டுக்கு ஒழுங்காகப் பொத்தானிட்டு, ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். வெளியே வந்ததும், “காத்திருக்க வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் ஓகா” என்றார்.

இப்போது அவர் கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். வேலைச் சான்றிதழ் நான்தான் அடிக்க வேண்டும். திரையில் திறந்து வைத்திருந்தேன், பாதியில்தான் கரண்ட் போனது. கீழே ஜெனரேட்டர் இருமுகிறது, டீசல் தீருகிற சத்தம் அது, எனக்குத் தெரியும். பாட்டரியில் 9 சதவீதம் இருக்கிறது. இதைப் பதிவிட்டுவிட்டு மிச்சத்தில் அந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.