இட் டிபெண்ட்ஸ், டீச்சர்!

(ஒரு சின்னத் தையல் கடை. சுவரில் பழைய பெண்டுலம் கடிகாரம். கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஜாக்கெட்டுகள். தையல்காரர் இரண்டு வாரமாகச் செல்போனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்கிறார். ஆங்கில டீச்சர் உள்ளே வருகிறார்.)

டீச்சர்: அண்ணே, என் ஜாக்கெட் தைத்தாயிற்றா?

தையல்காரர்: இட் டிபெண்ட்ஸ், டீச்சர்.

டீச்சர்: எதைப் பொறுத்து?

தையல்காரர்: அது பாடத்தில் வரவில்லையே! யார் என்ன கேட்டாலும் 'இட் டிபெண்ட்ஸ்' என்று சொல்லிவிட்டால் போதும், அதுவே முழு வாக்கியம் என்றார்கள். நேற்று என் சம்சாரம் கரண்ட் பில் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாடும் இட் டிபெண்ட்ஸ் ஆகிவிட்டது.

டீச்சர்: முழு வாக்கியம்தான். 'இட் ரிலைஸ்' என்று பாதியில் நிறுத்த முடியாது, இதை நிறுத்தலாம். ஆனால் எதைப் பொறுத்து என்று ஒருவர் கேட்டுவிட்டால் 'ஆன்' போட்டு அதைச் சொல்லியாக வேண்டும்.

தையல்காரர்: சரி. இட் இஸ் டிபெண்டிங் ஆன் காஜா பையன்.

டீச்சர்: அங்கே 'டிபெண்டிங்' வராது அண்ணே. 'இட் டிபெண்ட்ஸ் ஆன் காஜா பையன்.' ஓர் ஆளையே நம்பி உட்கார்ந்திருக்கும்போது 'ஐ ஆம் டிபெண்டிங் ஆன் யூ' என்று தாராளமாகச் சொல்லலாம். இங்கிலீஷ்காரருக்கு இரண்டுக்கும் ஒரே சொல். நமக்குத்தான் நம்பியிருப்பது வேறு, பொறுத்தது வேறு.

தையல்காரர்: வேறேதான் டீச்சர்! ஜாக்கெட் அவனைப் பொறுத்தது. ஆனால் அவனை நம்ப முடியாது.

டீச்சர்: அப்படியானால் அவன் டிபெண்டபிள் இல்லை.

தையல்காரர்: ஆனால் டிபெண்டன்ட்! மச்சினன் மகன். மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு.

டீச்சர்: பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சோறு போடும் ஆளை நம்பி இருப்பவரைச் சொன்னால் கடைசி 'என்-டி'க்கு முன்னால் 'ஏ', நம்பி இருக்கும் நிலையைச் சொன்னால் அங்கே 'ஈ'.

தையல்காரர்: எந்த எழுத்தைப் போட்டாலும் அரிசி அதே அளவுதான் தீர்கிறது. எப்போதுதான் இண்டிபெண்டன்ட் ஆன் மாமா ஆவானோ!

டீச்சர்: இண்டிபெண்டன்ட் என்றால் 'ஆன்' கிடையாது, 'ஆஃப்'.

தையல்காரர்: அட, நம் சுவிட்ச் மாதிரி! ஒட்டிக்கொண்டால் ஆன், விட்டுப் போனால் ஆஃப்.

டீச்சர்: சுவிட்சில் இருப்பதற்கு இரண்டு எஃப் அண்ணே, இதற்கு ஒன்றுதான். அதை விடுங்கள், ஞாபகம் இருந்தால் சரி.

தையல்காரர்: அது என்ன டீச்சர், எல்லாவற்றிலும் இந்த 'பெண்ட்' வருகிறது?

டீச்சர்: (ஜாக்கெட்டை மறந்து, வகுப்பு எடுக்கும் உற்சாகத்தில்) லத்தீன் அண்ணே! 'டிபெண்டெரே' என்றால் கீழே தொங்குவது. டிபெண்ட் என்ற சொல்லுக்கே தொங்குதல் என்று பழைய பொருள் ஒன்று உண்டு, இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை. கழுத்தில் தொங்கும் பெண்டன்ட், அதோ உங்கள் கடிகாரத்துப் பெண்டுலம், ஏன், ஆபீசில் சொல்கிற பெண்டிங்கூட இந்தத் தொங்கல் குடும்பம்தான்.

தையல்காரர்: (கம்பியை நிமிர்ந்து பார்க்கிறார். முகம் மலர்கிறது.) அப்படியானால் நான் பொய்யே சொல்லவில்லை! அதோ, அந்த மயில்கழுத்து நீலம் உங்களுடையதுதானே? கை வைக்கவில்லை, கொக்கி வைக்கவில்லை. அழகாகத் தொங்குகிறது பாருங்கள். இட் டிபெண்ட்ஸ்!

டீச்சர்: அண்ணே! ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புடவை கட்டிக்கொண்டு எதைப் போட்டுப் போவேன்?

தையல்காரர்: கோபப்படாதீர்கள். டிபெண்டுக்குத் தமிழில் என்ன சொன்னீர்கள்?

டீச்சர்: பொறுத்தது.

தையல்காரர்: அதையேதான் நானும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.